உயிர் காலேஜுக்குப் பக்கத்தில் சறுக்குக் குழாய் வேண்டாம்



இது நீளமான பதிவு. "சார் ஆரம்பிச்சுட்டார்" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் போகலாம். வருகைப் பதிவேடு இப்போது என் கையில் இல்லை.

போன கோடையில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தை ஒட்டிய டப்ளின் என்ற ஊர். (அயர்லாந்தின் டப்ளின் அல்ல. பெயரை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.) அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் கொலம்பஸ் மிருகக்காட்சிசாலை. அதோடு ஒட்டியே, அவர்களே நடத்தும் ‘ஜூம்பீஸி பே’ என்ற வாட்டர் பார்க். ஒரு நாள் பேரனைக் கூட்டிக்கொண்டு போனோம். வானத்துக்கும் பூமிக்கும் வளைந்து வளைந்து வரும் சறுக்குக் குழாய்கள், அலையடிக்கும் குளம், ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தால் தானாக இழுத்துப் போகும் செயற்கை ஆறு. பேரனுக்குக் கொண்டாட்டம். நான் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கரையில் நின்றேன். மகள் அதைப் படம் எடுத்து இங்கே போட்டுவிட்டாள்.

அந்தப் படத்துக்குக் கீழே 1996 பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: "சார், ஜூவும் வாட்டர் தீம் பார்க்கும் ஒரே இடத்துல, ஒரே டிக்கெட்டுல! நம்ம வண்டலூர்லயும் இதக் கொண்டு வரணும். நீங்க எழுதுங்க சார்."

அதற்கு எத்தனை லைக்! என் சொந்த மைத்துனரும் ஒன்று போட்டிருக்கிறார்.

எழுதச் சொன்னாய் தம்பி, எழுதுகிறேன். நீ நினைத்தது வராது, அவ்வளவுதான்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாததைத் திட்டுவது என் பழக்கம் இல்லை. அந்த வாட்டர் பார்க் திடீரென்று முளைத்ததல்ல. மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் 1956-இலேயே ராட்டினங்களோடு ஒரு கேளிக்கைப் பூங்கா வந்துவிட்டது. அந்த வருடம் கட்டிய மரத் தண்டவாள ரோலர் கோஸ்டர் இன்றும் அங்கே ஓடுகிறது. பிறகு அது ‘வயண்டாட் லேக்’ என்ற தண்ணீர்ப் பூங்காவாகிப் பல கைகள் மாறியது. 2006-இல் மிருகக்காட்சிசாலை நிர்வாகமே அதை விலைக்கு வாங்கி, 2008 மே மாதம் புதுப் பெயரில் திறந்தது. ஆக, பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தவனை வீட்டு மாப்பிள்ளையாக்கிக்கொண்டார்கள்.

அதே 1956-இல் அதே மிருகக்காட்சிசாலையில் இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும், அப்போது எனக்கே தெரியாது. டிசம்பர் 22 காலை, கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே அங்கே வேலை பார்த்த வாரன் தாமஸ் என்ற இளைஞர் கொரில்லாக் கூண்டுப் பக்கம் வழக்கமான பார்வைக்குப் போகிறார். தாய் கொரில்லா ஏதோ போலிருக்கிறது. உற்றுப் பார்த்தால், பனிக்குடத்தோடு குட்டி தரையில் கிடக்கிறது. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்திருந்த நேரம். தாயை விலக்கி, உறையைக் கிழித்து, மூச்சில்லாத குட்டியின் வாயில் வாய் வைத்து ஊதி உயிர் கொடுத்தார். மனிதர் பராமரிப்பில் உலகத்திலேயே முதலில் பிறந்த கொரில்லா அது. கொலம்பஸ், ஒஹாயோ இரண்டையும் சேர்த்து ‘கோலோ’ என்று பெயர் வைத்தார்கள். 2017 ஜனவரி வரை, 60 வயது வரை வாழ்ந்தது.

அந்த இளைஞரிடம் கருவி எதுவும் இல்லை. கண் மட்டும் இருந்தது. கடந்து போகாமல் நின்று பார்த்தார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 1996-க்கு வருகிறேன். உங்களில் நாற்பத்திரண்டு பேருக்கு நினைவிருக்கும்.

அந்த வருடச் சுற்றுலாவுக்கு நான்தான் பொறுப்பு. காலையில் வண்டலூர், மதியத்துக்குமேல் ஒரு கேளிக்கைப் பூங்கா. ஒரே பஸ், ஒரே நாள், இரண்டு இடம். வாடகை மிச்சம், பிள்ளைகளுக்கும் சந்தோஷம் என்று நானே போட்ட திட்டம், நானே மெச்சிக்கொண்டேன். தலைமையாசிரியர் கூட "நல்ல யோசனை சார்" என்றார். பஸ் ஏறியதிலிருந்து ஒரே கேள்வி: "சார், தண்ணிக்கு எப்ப சார் போவோம்?" புலிக்கு முன்னால் நிற்கும்போதும் அதே கேள்வி. சிங்கவால் குரங்கு, நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லாத ஜீவன், இலைக்குள் மறைந்திருந்தது. "இருங்கடா, வரும்" என்றேன். இரண்டு நிமிடம் நிற்கவில்லை. "அதான் தூங்குதே சார், போலாம் சார்." இரண்டரை மணி நேரத்தில் முழு வண்டலூரையும் முடித்தோம். 602 ஹெக்டேர்! ஓடித்தான் முடித்திருப்போம்.

மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பத்திரண்டு நோட்டில் மூன்றில்தான் விலங்கு இருந்தது. மற்ற முப்பத்தொன்பதும் சறுக்கு, தண்ணீர், குளித்த கதை, செருப்புத் தொலைந்த கதை. பிள்ளைகள் மேல் எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. பதினைந்து வயதில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். கட்டுரையில் தோற்றது நான்தான்.

அந்த மூன்று நோட்டில் ஒன்று யாருடையது தெரியுமா? "நீங்க எழுதுங்க சார்" என்று இப்போது எழுதியிருக்கிறானே, இவனுடையதுதான்.

நீர்யானைக் குட்டையின் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு நின்றான். நான் போய்த் தோளைத் தொட்டு "வாடா, எல்லாரும் போயாச்சு" என்றால் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். கையில் வாட்ச் இல்லை. நீர்யானை முழுகியதிலிருந்து மூச்சு விட மேலே வரும் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறான். இருநூறைத் தாண்டியதும் காது மேலே வந்தது, மூக்கு வந்தது, புஸ் என்று ஒரு சத்தம். திரும்பி என்னைப் பார்த்து, "அது உள்ள நீந்துதா சார், நடக்குதா சார்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. புவியியல் வாத்தியார். "நீந்தும்டா" என்று சொல்லிவிட்டேன். தப்பு. நீர்யானை நம்மைப் போல நீந்துவதில்லை. தரையில் காலை உந்தி, தண்ணீருக்குள் நடந்தும் துள்ளியும்தான் போகும். பெரிய நீர்யானை மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வரும். அவன் எண்ணியது ஏறக்குறையச் சரி. இருபத்தெட்டு வருடம் கழித்துத் திருத்திக்கொள்கிறேன், தம்பி.

இதனால்தான் இந்தக் கோபம். வேறு யாராவது எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். நீ எழுதினாய் பார்.

மிருகக்காட்சிசாலை கற்றுத் தருகிற பாடம் ஒன்றே ஒன்றுதான், அது காத்திருப்பது. புலிக்கு நம்மைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. குரங்கு இலைக்குள் இருந்தால் நாம்தான் கீழே நிற்க வேண்டும். நீர்யானை எழுந்திருக்கும்போதுதான் எழுந்திருக்கும். காசு கொடுத்தவன் என்பதால் அது சீக்கிரம் எழுந்திருக்காது. சறுக்குக் குழாய் அப்படியில்லை. படி ஏறு, உட்கார், வழுக்கு, கத்து. ஒவ்வொரு முறையும் கொடுத்த காசுக்கு மோசம் செய்யாது. இரண்டும் தனித்தனியாக இருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காத்திருப்பதுதான் தோற்கும். எப்போதும் தோற்கும். இதற்கு ஆய்வறிக்கை தேவையில்லை. முப்பத்தொன்பது நோட்டை நானே திருத்தியிருக்கிறேன்.

நம் சென்னைப் பாட்டிமார் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ‘செத்த காலேஜ்’ என்றும், மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும் பெயர் வைத்தார்கள். 1855-இல் அருங்காட்சியகத்தை நடத்திய பால்ஃபர் துரை அதே வளாகத்தில் விலங்குகளையும் சேர்த்து வைத்ததில் ஆரம்பித்தது இது. பிறகு பூங்காவுக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குப் போனது. எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள் வைத்த பெயர் காலேஜ்! ‘உயிர் சர்க்கஸ்’ என்று வைக்கவில்லை, ‘உயிர் பொருட்காட்சி’ என்று வைக்கவில்லை.

இனி அந்த ‘ஜூம்பீஸி’ என்ற பெயருக்கு வருகிறேன். ஜூ, ஜாம்பசி இரண்டையும் பிசைந்து செய்த பெயர். ஜாம்பசி! என்னிடம் படித்தவர்கள் யாராவது ஆப்பிரிக்க வரைபடத்தில் ஜாம்பசி ஆற்றைக் குறிக்காமல் தேர்வு எழுதியிருக்கிறீர்களா? காவிரியைப் போல மூன்று மடங்கு நீளம். ஆறு நாடுகள் வழியாக ஓடி இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. நடுவில் விக்டோரியா அருவி, அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ‘முழங்கும் புகை’.

அந்த ஆற்றில் கரிபா அணையைக் கட்டி 1958 டிசம்பரில் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். டோங்கா மக்கள் சுமார் 57,000 பேரை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பி மேட்டு நிலத்துக்கு அனுப்பினார்கள். மனிதனைக் கிளப்பலாம், மானை யார் கிளப்புவது? நீர் ஏற ஏற, குன்றுகளெல்லாம் தீவுகளாகி, தீவுகள் சிறுத்துக்கொண்டே போயின. அவற்றின் மேல் மான், வரிக்குதிரை, காண்டாமிருகம், பாம்பு எல்லாம் ஒண்டிக் கிடந்தன. ரூபர்ட் ஃபாதர்கில் என்ற அதிகாரியின் தலைமையில் சில பேர் படகில் போய் அவற்றைப் பிடித்துக் கரையேற்றினார்கள். சாதாரணக் கயிறு காலை அறுக்கும் என்பதால், பெண்கள் அணியும் நைலான் காலுறைகளைக் கேட்டு வாங்கி, பின்னிக் கயிறாக்கிக் கட்டினார்களாம். 1964 வரை அந்த வேலை நடந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளை மீட்டார்கள். ‘ஆபரேஷன் நோவா’ என்று பெயர். அதே அணையில் 2024 வறட்சியில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் போதாமல் ஜாம்பியா நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு.

தண்ணீர், விலங்கு, மனிதன் மூன்றும் மோதிக்கொண்ட கதை இதைவிடப் பெரிதாக எங்கே இருக்கிறது? ஒரு மிருகக்காட்சிசாலை சொல்வதற்கென்றே பிறந்த கதை. அந்த ஆற்றின் பெயரை எடுத்து ‘ஜூம்’ என்று ஓட்டச் சத்தம் சேர்த்து சறுக்குக் குழாய்க்குச் சூட்டினால், ஆறு போய்விடும், சத்தம் மட்டும் நிற்கும். அன்று இரவு சாப்பிடும்போது பேரனைக் கேட்டேன்: "ஜாம்பசின்னா என்னடா?" "அலை வர்ற பூல் தாத்தா" என்றான். அவனைக் குறை சொல்லவில்லை. முப்பத்துநான்கு வருடம் புவியியல் நடத்திய தாத்தா நாள் முழுக்கக் கரையில் நின்றுகொண்டு, அவனுக்கு அந்த ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேளிக்கைக்குப் போன இடத்தில் வாத்தியாரே வாத்தியாராக இருப்பதில்லை.

"சார், ஒரு பெயருக்குப் போய் இவ்வளவா?" என்பீர்கள். பெயரோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு விலங்கைக் காட்டத் தொடங்கினால், விலங்கையே அவர்களிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். கொலம்பஸில் அதுவும் நடந்தது. 1978-இல் அங்கே இயக்குநராக வந்த ஜாக் ஹன்னா மிகவும் பெயர் பெற்றவர். ‘ஜங்கிள் ஜாக்’ என்பார்கள். மங்கிக் கிடந்த இடத்தைத் தூக்கி நிறுத்தியவர், அதை மறுக்கவில்லை. அவர் தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சிகளுக்குச் சிறுத்தைக்குட்டியையும் மற்ற குட்டிகளையும் கையில் எடுத்துக்கொண்டு போவார். நாடே கைதட்டியது. குட்டி எங்கிருந்து வந்தது, நிகழ்ச்சி முடிந்தபின் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. 2021-இல் ஓர் ஆவணப்படம் கேட்டது. அங்கீகாரம் இல்லாத வியாபாரிகளிடமிருந்து வந்த விலங்குகளும் இருந்தன என்று தெரிந்தது. அந்த வருடம் அக்டோபரில் அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளின் சங்கம் கொலம்பஸுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை ரத்து செய்தது. நிர்வாகத்தின் பணக் குளறுபடியும் காரணங்களில் ஒன்று. அதற்கும் வாட்டர் பார்க்குக்கும் முடிச்சுப் போட மாட்டேன், அது அநியாயம். ஆனால் விலங்கு விஷயத்துக்கும் கேளிக்கைக்கும் முடிச்சு இருக்கிறது. பிறகு அந்த வியாபாரிகளின் உறவை அறுத்து, முறைகளைத் திருத்தி, 2023 மார்ச்சில் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றார்கள். திருத்திக்கொண்டவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் நீ வண்டலூருக்குக் கொண்டுவரச் சொன்னது அந்தத் திருத்தத்தை அல்ல.

கொண்டுவர வேண்டியது அவர்களிடம் வேறொன்று இருக்கிறது. அதை யாரும் படம் பிடித்துப் போடவில்லை, என் மகள் உட்பட. மிருகக்காட்சிசாலையை ஒட்டி சயோட்டோ என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் அவர்களும் ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு மட்டி ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறார்கள். ஆமாம், மட்டி. நம் ஏரிச் சேற்றில் காலில் குத்துமே, அந்தச் சாதி. நன்னீர் மட்டியில் வட அமெரிக்காவில் சுமார் 300 வகை இருக்கிறது, அதில் பெரும்பகுதி அழிவின் விளிம்பில். நன்றாக வளர்ந்த ஒரு மட்டி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் தண்ணீரை வடிகட்டித் தருகிறது. மோட்டார் இல்லை, குளோரின் இல்லை.

அதன் பிள்ளை வளர்ப்பு இன்னும் விசித்திரம். மட்டியின் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரம் வாழ்ந்தால்தான் பிழைக்கும். மீனைப் பக்கத்தில் வரவைக்க, சில வகைத் தாய் மட்டிகள் தங்கள் சதையைக் குட்டி மீன் போல விரித்து ஆட்டிக் காட்டும். பெரிய மீன் இரை என்று நினைத்துக் கவ்வும். அந்த நொடியில் குஞ்சுகளை அதன் முகத்தில் பீய்ச்சிவிடும். கண்ணில்லாத ஜீவன் மீனின் வேடம் போடுகிறது! அந்த நிலையத்தார் பென்சில்வேனியாவின் ஆற்றிலிருந்து அரிய மட்டிகளைக் கொண்டுவந்து, அவை அற்றுப்போகும் நிலையில் இருந்த ஒஹாயோவின் பிக் டார்பி ஓடையில் கையால் நட்டு, வருடக்கணக்காகக் கணக்கெடுத்து வருகிறார்கள். டப்ளின் நூலகத்தில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே வளாகத்தில் தண்ணீரில் கத்திக்கொண்டு நாள் முழுக்க இருந்தோம். தண்ணீரைப் பற்றிய இத்தனை பெரிய பாடம் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

இனி உங்கள் பதில்கள். எனக்குத் தெரியும் என்னென்ன வரும் என்று.

"காசு சார். வாட்டர் பார்க் வருமானத்தில் விலங்குக்குத் தீனி போடலாம்." இதுதான் எல்லாரும் சொல்வது. கொலம்பஸ் மக்கள் சறுக்குக் குழாயை மட்டும் நம்பி விலங்கு வளர்க்கவில்லை. அந்த மாவட்டத்தார் சொத்து வரியோடு சேர்த்து மிருகக்காட்சிசாலைக்கென்று தனியாக வரி கட்டுகிறார்கள். 2014-இல் அந்த வரியைக் கூட்டி நிரந்தரமாக்கவும், நகர நடுவில் ஒரு கிளை தொடங்கவும் கேட்டபோது பெரும்பான்மையாகப் பார்த்து வேண்டாம் என்று வாக்களித்தார்கள். மறு வருடம் பழைய அளவில் பத்து வருடத்துக்குக் கேட்டபோது சரி என்றார்கள். விலங்குக்குத் தருகிறோம், ஆடம்பரத்துக்குத் தரமாட்டோம் என்று சொல்லத் தெரிந்த சனங்கள். நமக்கும் வண்டலூரில் விலங்கைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. பிறந்தநாளுக்கு ஃபிளக்ஸ் வைக்கும் காசில் ஒரு மானுக்குச் சில நாள் தீனி போடலாம். இன்னொன்றும் யோசியுங்கள். 2020-இல் ஊரடங்கு வந்து வண்டலூர் கேட்டை மூடினார்கள். 2021 ஜூனில் அங்கே சிங்கங்களுக்கே கொரோனா வந்து நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அப்போது வாட்டர் பார்க் ஒன்று இருந்திருந்தால் அதுவும் பூட்டித்தானே கிடந்திருக்கும்? கூட்டம் வராதபோது கைகொடுக்காத தொழிலை, கூட்டத்தை நம்பிய இன்னொரு இடத்துக்குத் துணையாக வைப்பது என்ன கணக்கு? வங்கியில் வேலை பார்க்கிறாய், நீயே சொல்.

"தண்ணீர் புதிதாகவா விடுகிறார்கள் சார், சுத்தம் செய்து அதையேதான் சுற்றிவிடுகிறார்கள்." உண்மைதான். ஆனால் வண்டலூரின் சித்திரை வெயிலில் ஆவியாகிப் போவது, வடிகட்டியைக் கழுவிக் கொட்டுவது, ஆயிரக்கணக்கான பேர் முன்னும் பின்னும் குளிப்பது, இதையெல்லாம் எங்கிருந்து எடுப்பாய்? ஒஹாயோவில் அந்தப் பார்க் மே கடைசியில் திறந்து செப்டம்பர் முதல் வாரம் மூடிவிடுவார்கள், அதற்குமேல் குளிர். நமக்கு அந்தத் தடையும் இல்லை, வருடம் முழுக்க ஓட்டுவோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்ததே, அதற்குள் மறந்துவிட்டதா? வண்டலூருக்குள் ஓட்டேரி என்று ஓர் ஏரி இருக்கிறது. மழைக்காலம் நன்றாக இருந்தால் குளிர்காலத்தில் பறவைகள் வந்து மரமெல்லாம் வெள்ளையாகிவிடும். அது வற்றி வெடித்துக் கிடந்த கோடைகளும் உண்டு. ஏரி வெடித்துக் கிடக்கும்போது பக்கத்தில் அலைக்குளத்தில் பாட்டுப் போட்டுக் குதிப்பார்கள், பறவை வேடிக்கை பார்க்குமா?

"பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டுமே சார்." இருக்கட்டும். யார் வேண்டாம் என்றது? சறுக்கட்டும், கத்தட்டும், கண் சிவக்கக் குளிக்கட்டும். நம் பிள்ளைகளுக்குக் கிணற்றில் குதிக்கும் சந்தோஷமும் போய்விட்டது, இதுவாவது இருக்கட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்க்குக்குக் குறைவா? வேறொரு நாளில் கூட்டிப்போங்கள். ஒரு நாள் முழுக்கக் கொடுங்கள். நான் கேட்பது விலங்குக்கு ஒரு நாள் தனியாக வேண்டும் என்பதுதான்.

உறவினர் ஒருவர் தனியாக எழுதியிருந்தார்: "கூண்டில் அடைத்ததே பாவம், இதில் காலேஜ் என்ன, கேளிக்கை என்ன?" மாமா, உங்களோடு அதைப் பேச எனக்கும் ஆசைதான், ஆனால் அது வேறு பதிவு. இப்போதைக்கு இவ்வளவு சொல்கிறேன்: அடைத்துவிட்டோம். அடைத்தபின் அதன் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பார்க்காமல் போவது இரண்டாவது பாவம்.

திரும்பவும் உன்னிடம் வருகிறேன், தம்பி. உன் மகளுக்கு ஒன்பது வயது என்று அம்மா சொன்னார்கள். போனில் நன்றாக விளையாடுகிறாள் என்றும் சொன்னார்கள். ஜனவரியில் நான் ஊரில்தான் இருப்பேன். பொங்கல் கூட்டத்தில் வேண்டாம், அப்போது தலைகள்தான் தெரியும். அது முடிந்து ஒரு வார நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு வா, ஒரு நாள் லீவு போட்டால் குடி முழுகாது. தலைமையாசிரியருக்குக் கடிதம் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன். காலை 9 மணிக்கு வண்டலூர் கேட் முன்னால் நிற்பேன். நேராக நீர்யானைக் குட்டைக்குப் போவோம், வேறெதுவும் பார்க்க வேண்டாம். மடக்கு ஸ்டூல் இரண்டு வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நீ சுவரில் தாடை வைத்துக்கொள். மதியத்துக்குத் தயிர்சாதம் உன் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை விடுமுறை, மூடியிருப்பார்கள். மற்ற நாளில் உனக்கு எது வசதி என்று கீழே எழுது.